பெயரில்லாத பொத்தான்

பொத்தான்.
பொத்தான்.
பெயரில்லாத பொத்தான்.

திரையைப் படித்துச் சொல்லும் குரலுக்கு
மூச்சு வாங்காது. அலுப்பும் கிடையாது.
இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன்;
மற்றவர் காதுக்கு அது கொசு ரீங்காரம்.

புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
மின்தூக்கி நேற்றிரவு நின்றுவிட்டது.
கதவு திறந்து மூடி, திறந்து மூடி,
விக்கல் எடுத்த மாதிரி
விடிய விடியச் சத்தம்.

நகர மன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.
முன்பு ஒரு தொலைபேசி எண் இருந்தது.
இப்போது அந்த எண்ணில் ஒரு பெண்குரல்,
மூன்று மொழி கடந்து நான்காவதாகத் தமிழில்,
எங்கள் இணையத்தளத்தை நாடுங்கள் என்கிறது.

நாடினேன்.

பெயர் கேட்டது. கொடுத்தேன்.
புளோக் எண், மாடி, கதவிலக்கம்.
அப்புறம், நான் இயந்திரம் இல்லையென்று
நிரூபிக்கச் சொன்னது
ஓர் இயந்திரம்:
பேருந்து உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்.

எனக்குத் தெரியாத பேருந்தா?
ஈரடுக்கு வண்டி நிறுத்தத்தில் பெருமூச்சு விடுவதையும்
மழைநாளில் அதன் சக்கரம் நனைந்த சாலையைக்
கிழித்துக்கொண்டு வருவதையும்
இரண்டு சந்திப்புக்கு முன்பே சொல்வேன்.
படம் ஒன்று, படம் இரண்டு என
ஒன்பது வரை எண்ணிய குரல்
நேரம் முடிந்தது என்றது.

இப்படிப்பட்ட நாள்களில்
கீழே காப்பிக்கடைக்குப் போவேன்.
பானக்கடை போ கியாட் கையைத் துடைத்துக்கொண்டு
என் கைப்பேசியை வாங்கிக்கொள்வார்.
என் பிறந்த தேதி, வங்கி இருப்பு,
போன வருஷத்து மருத்துவமனை பில்,
கடவுச்சொல்லில் நான் ஒளித்துவைத்த
ஒரு பழைய பெயர்,
எல்லாம் அவருக்குத் தெரியும்,
என் கோப்பி ஓ கோசோங்கைப் போலவே.
நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.
கெட்டவராக இருந்தால்
கோபித்துக்கொண்டாவது இருக்கலாம்.

இம்முறை கீழே போகவில்லை.
போவதற்கு மின்தூக்கி வேண்டுமே.
கோபத்தோடு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்.

மறுநாள் கதவு தட்டி ஒருவன் நின்றான்,
பதினோரு மாடி ஏறிய மூச்சோடு.
ஹஃபீஸ் என்றான். அந்தப் பக்கத்தை எழுதியவனாம்.
தண்ணீர் குடித்தான். இன்னொரு குவளை குடித்தான்.
திரையை அணைத்துவிட்டு
நீயே ஒரு புகார் அனுப்பு என்றேன்.

பொத்தான்.
பொத்தான்.
பெயரில்லாத பொத்தான்.

பத்தொன்பது நிமிடம்.
நாற்காலி கிரீச்சிட்டது, நகம் கடிபட்டது.
"அதில் ஓர் அம்பு வரைந்திருக்கிறது சார்" என்றான்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
"யார்மேல் எய்ய?" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பொத்தானுக்குப்
பெயர் வைத்திருந்தார்கள். தமிழில்:
சமர்ப்பி.
கூடையில் பூவும் தேங்காயும் வைத்து
மின்தூக்கிப் புகாரை நீட்டுவதுபோல் இருந்தது.
'அனுப்பு' போதும், தம்பி, என்று எழுதினேன்.
அதுவும் மாறியது.
பேருந்துப் படங்கள் போய்
ஓர் எளிய கேள்வி வந்தது.
ஐந்து நிமிடக் கெடு மட்டும் அப்படியே.
அது வேறு துறையாம்.

இதற்கிடையே ஒன்பதாம் மாடி லத்தீஃபா சொல்லி
மின்தூக்கியைப் பழுதுபார்த்துவிட்டார்கள்.
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது எனக்கு.

நேற்று மறுபடி விக்கல்.

சந்தோஷத்தை மறைக்காமல் உட்கார்ந்தேன்.
பெயர். புளோக். மாடி. பழுதின் விவரம்.
அனுப்பு, பொத்தான்.
அழுத்தினேன்.
உங்கள் புகார் கிடைத்தது.
ஓர் எண் கொடுத்தார்கள்; குரல் படித்தது.
இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்,
தேவையில்லாமல்.

படிகளை எண்ணிக்கொண்டு இறங்கினேன்.
போ கியாட் கை துடைக்கும் சத்தம்.
"இன்றைக்கு என்ன?"

"கோப்பி மட்டும்."

ஈரத்துணி சற்று நேரம்
அவர் கையிலேயே இருந்தது போல.
பிறகு கரண்டி, குவளை,
கொதிநீர்.