பல்தடம்

பன்னிரண்டு பல்லின் தடம்,
மில்லராயின் முழங்கைக்குச் சற்றுக் கீழே.
எண்ணினேன். எண்ணத்தான் வேண்டும்,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது.

நேரம்: பத்து இருபது.
இடம்: மரக்கட்டை மூலை.
கடித்தவர்: யெர்கோ, மூன்று வயது இரண்டு மாதம்.
காரணம்:
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.

புன்டா அரேனாஸில் இன்று காற்று
மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
தகரக் கூரை விடிந்ததிலிருந்து
யாரையோ திட்டிக்கொண்டே இருக்கிறது.
முற்றத்துச் சறுக்குமரத்தைக்
கட்டிப்போட்டிருக்கிறோம், கன்றுக்குட்டியைப்போல.
பதினேழு பிள்ளைகள், நான்கு சுவர்.
காற்றுநாளில் பாலை அதிகம் சிந்துவார்கள்.
எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
இருவரையும் இழுத்து நிறுத்தி
"மன்னிப்புக் கேள்" என்பேன்.
கேட்பார்கள்,
பேருந்தில் சில்லறை நீட்டுவதுபோல.
நீட்டிவிட்டு ஓடுவார்கள்.
நானும் சீட்டுக் கிழித்துக் கொடுத்த ஓட்டுநர்போல
வண்டியை எடுத்துவிடுவேன்.

இன்று முதலில் மில்லராய்.
ஈரத்துணி. மடி.
வலிக்கிறது, ஆமாம், வலிக்கிறது.
'ஒன்றுமில்லை' என்று சொல்லாமலிருக்க
எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.
ஒன்றுமில்லையாம்.
பன்னிரண்டு பல்.

யெர்கோ மேசைக்கடியில்.
வா என்றால் வரமாட்டான்.
நாற்பத்தாறு வயது முட்டிகளை மடக்கி
நானும் உள்ளே போனேன்.
காய்ந்த பசை, போன மாதத்து பிஸ்கட்,
பலகையின் அடியில் யாரோ
படுத்துக்கொண்டே வரைந்த ஒரு கால் முளைத்த சூரியன்.
இத்தனை நாள் இதன் மேலேதான்
வருகைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.
மூச்சு மட்டும் விட்டேன், கொஞ்சம் சத்தமாக,
வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும் என்று.
மற்ற பதினாறு பேரையும் வெளியே
ஒற்றை ஆளாகச் சமாளித்தாள் ஸ்லாவியா.
அவள் காலணிகள் மட்டும் தெரிந்தன,
இங்கும் அங்கும், இங்கும் அங்கும்.

எவ்வளவு நேரமோ.
சட்டைக் கையைச் சப்பியபடி கேட்டான்:
"காற்று கப்பலைக் கடிக்குமா?"

அப்பா. நண்டுப் படகு.
தெற்கே போய்ப் பதினோரு நாள்.
சேர்க்கை ஏட்டில் நானே எழுதியதுதான்,
தந்தையின் தொழில், கடல் என்று.
எழுதி, ஏட்டை மூடி, அலமாரியில் வைத்தாயிற்று.

கடிக்காது என்று சொல்ல வாய் வந்தது.
எனக்கு எப்படித் தெரியும்?
"பெரிய படகா?" என்றேன்.
"சிவப்பு" என்றான்.
"பயமா இருக்கு, இல்ல?"
பதில் இல்லை. நகர்ந்து வந்து
என் தொடைமேல் உட்கார்ந்தான்,
நாற்காலியைக் கேட்டுவிட்டா உட்காருகிறோம்?

காற்று முற்றினால் இந்த ஊரில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பெரியவர்களே அதைப் பிடித்துத்தான் கடப்பார்கள்,
பையும் தொப்பியும் பறக்கப் பறக்க.
மதியம் மில்லராய் அந்தத் தெருவைக்
கூடத்துக்குள் கொண்டுவந்தாள்.
இரண்டு நாற்காலி, நடுவே தாண்டுகயிறு,
தரையெல்லாம் புயல்.
ஒவ்வொருவராகக் கடந்தார்கள், சாய்ந்து சாய்ந்து,
சிலர் வேண்டுமென்றே பறந்துபோய் விழுந்தார்கள்.

யெர்கோ சுவரோரம் நின்றான்.
நான் எதுவும் சொல்லவில்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டேன், நானும்.
அவள் அவனைப் பார்த்தாள்.
தன் கையைப் பார்த்தாள்.
"அந்த முனையைப் பிடி.
என் பக்கம் வராதே."

பிடித்தான்.
இருவருக்கும் நடுவே மூன்று பேர் நிற்கும் கயிறு.
அதை யாரும் சுருக்கவில்லை.

மாலையில் அம்மாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
'காற்று' என்று எழுதியிருந்தேன்.
அலுவலகத்திலிருந்து போன் வந்தது:
தெளிவாக எழுதுங்கள்.
இதைவிடத் தெளிவாக எனக்கு வராது என்றேன்.

வியாழக்கிழமை மறுபடி கடித்தான்.
இந்த முறை மரக்கரண்டியை.
அதற்குப் படிவம் இல்லை.