மொழிபெயர்ப்புக் கூலி

கிளிநொச்சி, கூட்டுறவு மண்டபம்.
திரையில் ஏதோ ஒரு மாநகரம்:
தகரத்தின் மேல் தகரம்,
சனத்தின் மேல் சனம்.
"உலகம் நிரம்பி வழிகிறது" என்றார் வந்தவர்.
அவர் வாயைத் தமிழாக்க எனக்கு
நாளுக்கு நாலாயிரம்.
ஆக்கினேன்.

முன்வரிசைப் பரிமளகாந்தி
கையை உயர்த்தாமலே கேட்டா:
"எங்கட பள்ளிக்கூடத்தை மூடப்போகினமாம்.
பதினொரு பிள்ளையள்தானாம்.
வழியிறதில கொஞ்சம்
இஞ்சால ஊத்தேலாதோ?"

மண்டபம் சிரித்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
"பாடசாலை பற்றிக் கேட்கிறா" என்றேன்.

அடுத்தது வீட்டு வரைபடம்,
உலகத்துக்கே ஒன்று.
எழுபத்தேழில் மலையிலிருந்து இறங்கி
தர்மபுரத்தில் காடு வெட்டிய ராமாயி
"லயத்துக் காம்பிராவுக்குத்
திரும்ப அனுப்புறாங்களா?" என்றா.
நீராவிப்பிட்டி சித்தி பரீனா
கக்கூசில் விரல் வைத்தா:
"இது கிப்லாவைப் பார்க்குதே."

இவற்றை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.
அவர் எழுதினார்,
அழித்தார்,
திரும்ப எழுதினார்.

மாலை, வாகனத்தில் கேட்டார்:
"முதலில் ஏன் எல்லாரும் சிரித்தார்கள்?"

முறிகண்டி தாண்டி, மாங்குளமும் தாண்டி
இரண்டு பக்கமும்
விளக்கில்லாத காணிகள்.
நான் இன்னும்
வசனத்தைத் தொடங்கவில்லை.