பத்து விநாடி

பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை,
அதில் நான்கு வரி. எது வேண்டும் என்று கேட்கும்.
பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி இறங்கும்.
ஆறு வருஷமாய் அந்தப் பத்து விநாடியில்தான்
எழுந்துபோய்ப் பாலைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதல் வரி விண்டோஸ். கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே
குன்னூர்க் கடையில் ஜபருல்லா போட்டுக் கொடுத்தது.
இரண்டாவது என் தம்பி போஜன் ஏற்றிய லினக்ஸ்.
அவன் கோயம்புத்தூர் போனான்,
பாஸ்வேர்டும் அதே பஸ்ஸில் போனது.
மூன்றாவது, ஊரடங்கில்
என்னாலும் முடியுமா என்று பார்க்க நானே போட்டது.
முடிந்தது. சத்தம் மட்டும் வராது.
நான்காவது யாருடையது என்று தெரியவில்லை.
அதைத் தொட்டால் ஒரு சின்னக் கோடு
இமைத்துக்கொண்டே இருக்கும், வேறொன்றும் நடக்காது.

நாலு குடித்தனம், ஒரே வட்டு.
நாற்பத்தொரு பேரின் பச்சை இலைக் கணக்கு
கிலோவும் கழிவுமாக
இவர்களுக்கு நடுவே ஒண்டிக் கிடந்தது.
போன மாதம் வங்கி, உன் விண்டோஸ் பழையது என்று
என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

சேலாஸ் ஃபேக்டரி ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன்,
எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்தாயிற்று என்று.
"எடுத்தது சரி. திறந்து பார்த்தியா?"

திறந்தேன்.
ஜூலை மாதம் பூஜ்யம் கேபி.
மழையில் நனைந்து நனைந்து பறித்த இலை,
மாதத்தின் பெயர் இருக்கிறது, எடை இல்லை.
உட்கார்ந்து திரும்ப எடுத்தேன், இரண்டு இடத்தில்.
ஒவ்வொரு கோப்பிலும் கடைசி வரிவரை இறங்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமை. டானிங்டன் பக்கமிருந்து மூடுபனி ஏறி
கோத்தகிரிக் கடைவீதியை எடுத்துக்கொண்டது.
பெட்டியைத் திறந்தேன்.
டீத்தூள் மாதிரியே தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு.
புது எஸ்எஸ்டி பிஸ்கட் போல் லேசு.
அதை மாட்டிவிட்டு
பழைய வட்டின் இரண்டு வயரையும் பிடுங்கினேன்.
கை தவறி நான் எதை அழித்தாலும்
அது எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன்.
பிரிண்டர் முனகிவிட்டு ஒரு ரசீதைத் தள்ளியது.
ஸ்பீக்கரில் சத்தம்கூட வந்தது.
சரி, நீ இரு என்றேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அதன் பேட்டரிக்கு என்ன வயது என்று
இத்தனை நாள் கேட்கத் தோன்றாத நான்
மோடத்தை அணைத்தேன். பிறகு மானிட்டரையும்.
இருட்டில் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்தேன்.
உள்ளே விசிறி சுற்றுவது உள்ளங்கையில் தெரிந்தது.
அது தெரிகிறவரை போதும்.
கத்தலுக்கும் கத்தலுக்கும் நடுவே இடைவெளி குறைந்தது.
கீழே யாரோ ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தார்கள்.
எத்தனை நிமிஷம் என்று சொல்லத் தெரியவில்லை.
மானிட்டரைப் போட்டபோது
முடிந்தது, மறுபடி தொடங்கவா என்று
அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இப்போது பட்டியல் இல்லை, எண்ணிக்கை இல்லை.
அழுத்தினால் நேரே இலைக் கணக்கு.
ஞாயிறு காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

பயாஸுக்குள் மட்டும் பழைய பெயர் ஒன்று நிற்கிறது,
கல்யாணமாகிப் போனவள் பெயர்
ரேஷன் கார்டில் நிற்பது போல.
நீக்க வழி உண்டு. இந்த மழை ஓயட்டும்.

பழைய வட்டு, காற்றுப் புகாத டீ டின்னில்,
தேதி எழுதி, அலமாரி மேலே.
ஒரு வருஷம் பார்க்கலாம்.

ராத்திரி போஜன் கூப்பிட்டான்.
"என்னோடத அழிச்சிட்டியாக்கா?"
இல்லடா, டின்ல இருக்கு.
"பாஸ்வேர்ட் ஞாபகம் வந்திருச்சு.
அந்த வருஷத்து இலை விலை, நாலு தடவை."

இப்பவும் அதே விலைதான் என்றேன்.
மூடியில் எழுதிக்கொள்ளவில்லை.