எட்டாம் நிமிட மணி

எனக்குத் தந்தது ஒரு பித்தளை மணி.
யார் வீட்டுச் சாமி அறையிலிருந்தோ கடன் வாங்கியது,
கைப்பிடியில் இன்னும் விபூதி.
எட்டாம் நிமிடம் ஒரு தட்டு,
பத்தாம் நிமிடம் இரண்டு.
'பி.டி. டீச்சர்தானே, உன்கிட்ட ஸ்டாப்வாட்ச் இருக்குமே'
என்றார் ஞானவடிவு.
இருந்தது.
காலையில் ஒன்பதாம் வகுப்பின் இருநூறு மீட்டரை அளந்தது
மாலையில் மந்தைவெளி மூன்றாம் மாடியில்
என் மடியில் கிடந்தது.

நாற்பது நாற்காலி, இருபத்தாறு பேர்.
ஒன்பது பேர் வாசிக்க வந்தவர்கள்.
ஒருவர் மாடி மாறி வந்தவர்.
யோகா வகுப்பு நான்காவதில்;
போண்டா வாசத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தரை என்று அச்சடித்தது
ஆறேகாலுக்குத் தொடங்கியது.
அந்த நாற்பத்தைந்து நிமிடம்
யார் கணக்கிலும் ஏறாது.

முதலில் துரைக்கண்ணு, சிறுகதை.
கதாநாயகன் சைதாப்பேட்டைப் பாலத்தில்
கால் வைக்கும்போது எட்டு நிமிடம்.
தட்டினேன்.
'இதோ, முடியப்போகுது' என்றார்.
பாலம் முடியவில்லை.
இரண்டு தட்டினேன்.
கதைக்குள் ஐஸ் வண்டி வருகிறதென்று
முன்வரிசையில் ஒருவர் ரசித்துத் தலையாட்டினார்.
இருபத்தோரு நிமிடம், பதினேழு நொடி.
அழைப்பிதழின் முதுகில் எழுதினேன்:
பற்று, பதினொன்று பதினேழு.

கால் மணிக்கொருமுறை பறக்கும் ரயில்
ஜன்னலை உரசிக்கொண்டு போகும்.
யூஜின் அதற்கு நின்று வழிவிட்டான்,
ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நிற்பவன் மாதிரி
ஒரு காலை ஊன்றி.
மெகருன்னிசா நிற்கவில்லை.
உதடு அசைந்தது, தாள் புரண்டது,
கவிதையின் நடுப்பகுதி அப்படியே
வேளச்சேரிக்குப் போய்விட்டது.
'இன்னொரு தடவை படிங்க மேடம்'
யோகாக்காரர்தான் கேட்டார்.
'போனது போகட்டும் சார்.'

பிறகு ஒரு பையன், ஃபோனைப் பார்த்து.
மரணத்தைப் பற்றிய கடைசிப் பத்தியை மறைத்துக்கொண்டு
திரையில் ஹவுஸ் ஓனர் வந்தார்.
மூன்று முறை துண்டித்தான்.
மூன்று முறையும் மரணம்
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

ஏழாவதாக சகாயராணி.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
மைக்கைத் தாழ்த்தவில்லை,
குதிகாலைத் தூக்கிக்கொண்டாள்.
நான்கு வரி.
தாளை மடித்தாள், வந்து உட்கார்ந்தாள்.
ஐம்பத்திரண்டு நொடி.
என் கண் முள்ளில் இருந்தது, முகத்தை நான் பார்க்கவில்லை.
மின்விசிறி மட்டும் சுற்றியது,
அப்புறம்தான் கைதட்டினார்கள்.
'கச்சிதம்' என்றார் ஒருவர்.
'சொல்லாமல் விட்டதில்தான் கவிதை' என்று
துரைக்கண்ணு எழுந்து நின்று
நான்கு நிமிடம் பேசினார்.
வரவு, ஒன்பது எட்டு.

கூட்டம் கலைந்தது. பழைய பேனரைச் சுருட்டினோம்.
நாளைக்குத் திருப்பித் தர
மணி என் பைக்குள் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவளும் நின்றாள்.
பாரிமுனை வண்டிக்கு.
'உனக்கு நேரம் நிறைய இருந்துச்சே' என்றேன்.
கைப்பையைத் திறந்து காட்டினாள்.
டிபன் பாக்ஸுக்கு அடியில் ஐந்து பக்கம்,
ஐஸ் கம்பெனி ரசீதுகளின் பின்பக்கம்,
ஈரத்தில் ஓரம் பூத்துப்போய்.
'தொண்ட அடச்சிருச்சு அக்கா.
நீங்க மணி அடிப்பீங்கன்னு பாத்தேன்.
அடிக்கல. அதான் நானே நிறுத்திட்டேன்.'

ஸ்டாப்பில் விளக்கு இல்லை.
எதிரே மருந்துக்கடை வெளிச்சம் போதும் என்றாள்.
ஐந்தாம் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.
அண்ணன் கடலுக்குப் போன நாளில்
யார் எத்தனை பார் ஐஸ் வாங்கினார்கள் என்று
கணக்குப் பார்ப்பது மாதிரியே படித்தாள்,
குரல் ஏறாமல்.
அவன் படகுக்கு எத்தனை என்பது வருவதற்குள்
ஒரு பாரிமுனை வண்டி வந்து, நின்று, போனது.
கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு விசில் கொடுத்தார்.

தோள் வலித்தது.
பையை மறு தோளுக்கு மாற்றினேன்.
உள்ளே மணி ஒருமுறை தட்டியது.
அவள் நிறுத்திவிட்டாள்,
விரல் வரியின் மேல் இருக்க
என்னைப் பார்த்தாள்.

அது நானில்லை, நீ படி
என்றேன்.