வரிசையில் ஒரு பெயர்

எங்கள் பள்ளத்துக்கு வரும் நீர்
எங்கள் மழை அல்ல.
எல்லைக்கு அப்பால், அங்கோலாவின் மேட்டில்
யார் கூரையிலோ பெய்து
நாள்கணக்கில் நடந்து
மீனோடு வந்து வாசலில் நிற்கும்.
இது மூன்றாம் வருஷம். வரவில்லை.

கம்பு முழங்கால் உயரத்திலேயே நரைத்துவிட்டது.
குதிருக்குள் குனிந்து கூப்பிட்டால்
என் குரலே எனக்குப் பதில்.
பதினொரு மாடுகள் இருந்தன.
மிஞ்சிய ஒன்றை
விடியலில் தூக்கி நிறுத்தவேண்டும்:
கொம்பை நான் பிடிக்க,
வாலைப் பக்கத்து வீட்டு ஹைம்போடி பிடிக்க,
அவர் மகன் வயிற்றுக்கடியில் தோள்கொடுக்க,
எழுந்து நின்று எங்களைப் பார்க்கும்,
ஏன் எழுப்பினீர்கள் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை, எங்கேலா லுத்தரன் கோவிலில்,
மகிழ்ந்திருக்கச் சொல்லும் பகுதி.
வாசித்துவிட்டுப் போதகர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவருடைய ஆடுகளும் செத்தன, ஊருக்கே தெரியும்.
"எனக்கும் சேர்த்துத்தான் வாசித்தேன்" என்றார்.
வேறெதுவும் விளக்கவில்லை.

எனக்குக் கோபம்.
மகிழ்ச்சி என்ன,
விசிலடித்தால் ஓடிவரும் நாயா?
வீடு சேரும்வரை கர்த்தரோடு சண்டை போட்டேன்,
மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளில்.
அவர் வாய் திறக்கவில்லை.
செருப்பறுந்து நின்ற இடத்தில்
ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது:
மரத்தில் தொங்கியபோது
அவரும் குடிக்கக் கேட்டார்.
கிடைத்தது காடி.

செவ்வாய்க்கிழமை நிவாரண வரிசை.
வீட்டுக்கு ஒரு மூட்டை சோளமாவு,
இரண்டு டப்பா மீன், ஒரு புட்டி எண்ணெய்.
லாரியின் நிழலைத் தவிர வேறு நிழலில்லை.
விண்ட்ஹூக்கிலிருந்து வந்த இளைஞனுக்கு
எங்கள் மொழி தெரியாது.
பட்டியலை எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டான்;
ஒவ்வொரு பெயரும் அவன் வாயில் தடுக்கி விழுந்தது.
பிறகு என் முறை.
"ந்தஹாஃபா!"

எங்கள் பேச்சில் அதற்கு
'மகிழ்கிறேன்' என்று பொருள்.

நான் அசையவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.
ஆளில்லை என்று நினைத்து அந்தப் பிள்ளை
லாரிமேல் ஏறி நின்று, உச்சிவெயிலைப் பார்த்து,
மகிழ்கிறேன்! மகிழ்கிறேன்! என்று கத்தினான்,
என்ன சொல்கிறோம் என்று அறியாமலே.

பின்னாலிருந்து ஒரு கிழவர் களுக்கென்றார்.
அப்புறம் வரிசையே சிரித்தது.
கணவனைப் புதைத்து ஒன்பதே நாளான நெலாகோ
சிரித்தாள்,
பதறிப்போய் வாயைப் பொத்தினாள்,
பொத்திய கைக்குள்ளும் சிரித்தாள்.

அந்தப் பெயரை நான் சம்பாதிக்கவில்லை.
நான் பிறந்ததும் நல்ல வருஷமல்ல:
எல்லையில் போர்,
இரவில் விளக்கேற்றப் பயந்த காலம்.
அப்படியொரு நாளில்
நெற்றியில் தண்ணீர் விழ வீறிட்டேனாம்.
நான் அழுதுகொண்டிருந்தபோதே
என் பெயர் மகிழ்ந்துகொண்டிருந்தது.
என் நெஞ்சைத் தோண்டினால் ஊறுவதில்லை அது,
எத்தனையோ முறை தோண்டிப் பார்த்தாயிற்று.
மேட்டிலிருந்துதான் வரவேண்டும்,
நான் கண்ணால் காணாத மழையாக.

"இதோ" என்றேன்.
ஞாயிறன்று பீடத்தண்டை ஏந்திய
அதே வெறுங்கையை நீட்டினேன்.
பெருவிரலில் மை தடவினான்.
மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டு
என்ன வேடிக்கை என்று கேட்டான்.
உன்னால்தான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

வியாழன் விடியலில் மாடு எழவில்லை.
கொம்பு, வால், தோள்.
மறுபடியும்.
மறுபடியும்.
ஹைம்போடி ஒன்றும் பேசாமல் போய்க்
கத்தியோடு வந்தார்.
எலும்போடு ஒட்டிய இறைச்சியை ஏழு வீட்டுக்குப் பங்கு வைத்தோம்.
கைப்பிடி ஈரலை நெலாகோவுக்கு அனுப்பினேன்.

அன்றிரவு
வெறும் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன்.
பள்ளம் நிலா வெளிச்சத்தில் வெடித்துக் கிடந்தது.
வேலிக்கு வெளியே யாரோ,
பாத்திரத்தைத் திருப்பித்தர வந்த நெலாகோதான்,
மகிழ்கிறேன், மகிழ்கிறேன் என்று
என்னைக் கூப்பிட்டாள்.

மூக்கைத் துடைத்துக்கொள்ளவும் நேரமில்லை.
அழுகை நடுவிலேயே
குரல் கொடுத்தேன்:
இதோ.