கையெழுத்து இல்லாத திங்கள்

இன்னாசிமுத்துவின் கோப்பை மூடிவிட்டேன்,
பதினான்கு மாதம் மீதமிருக்கையிலேயே.

படிவத்தில் ஒரு கட்டம்:
‘மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு’.
மூன்று அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள்.
‘குறைவு’ என்றெழுதினேன்.
பேனா நின்று நின்று எழுதியது,
மை தீர்ந்ததாலும் இருக்கலாம்.

திங்கள், புதன், சனி
காலை பத்து மணிக்கு
மண்டபம் காவல் நிலையத்தில் கையெழுத்து.
திங்கள், புதன், சனிதான்
விசைப்படகுக்கு டோக்கனும்.
விடியலில் போன படகு
மறுநாள் விடியலில் திரும்பும்.
நிபந்தனை எழுதிய கை
உப்புத்தண்ணீர் பார்த்திராத கை.

ஆக, இரண்டு வருடம்
கரையிலேயே நின்று ஐஸ் உடைத்தான்,
அடுத்தவன் வலையில் நண்டு பிரித்தான்.
நாளுக்கு முந்நூறு.
ராத்திரி தோப்புக்குள் கடலட்டை அவிக்க வந்தால்
மூவாயிரம்.
அந்த அடுப்புதான் அவனை முதலில் உள்ளே அனுப்பியது.

“பத்து மணிக்கு நான் எங்க நிப்பேன்னு
போலீசுக்கு மட்டுமா மேடம் தெரியும்?
அவனுக்கும் தெரியுது.
ஸ்டேஷன் வாசல்லயே வண்டியோட நிக்கிறான்.”

மேலதிகாரி கேட்டார்: மறுபடி மாட்டினால் யார் பதில்?
நான்தான், என்றேன்.
போன வருடம் முன்கூட்டி விட்ட பதினொரு பேரில்
இருவர் திரும்பி வந்தார்கள்.
கடைசி நாள்வரை கையெழுத்துப் போட்டவர்களில்
எத்தனை பேர்?
அதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

செவ்வாய் காலை, தேநீர் ஆறுகிறது.
நாளிதழின் மூன்றாம் பக்கம்:
வேதாளை அருகே நள்ளிரவில்
இருநூறு கிலோ கடலட்டை பறிமுதல்.
இருவர் இருளில் தப்பியோட்டம்.

எண்ணை அழுத்தினேன்.
தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்
என்றது ஒரு பெண்குரல், மிக மரியாதையாக.
போன மாதமென்றால்
இதற்கே நான் ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.
மறுபடி அழுத்தினேன்.
அப்பால் என்றால் எவ்வளவு அப்பால்,
எந்தப் பக்கம்?

ஒன்பதரைக்கு அவனே அழைத்தான்.
“கூப்பிட்டீங்களா மேடம்? கையெழுத்தா?”
பின்னால் ஏதோ மோட்டார் ஓடியது.
படகோ, ஜெனரேட்டரோ.
கேட்க வாயெடுத்து,
“சும்மாதான். என்ன பாடு?” என்றேன்.

“கணவாய் கொஞ்சம். சங்காயம்தான் ரொம்ப.
டீசலுக்கே சரியாப் போச்சு.
நாளைக்கும் டோக்கன் இருக்கு.”

பிறகு இருவருமே
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம்.
பூனையை விரட்டுகிற ஒரு பெண் சத்தம்,
கூடையில் மீன் சரியும் சத்தம்.
மீன்தான் என்று நினைக்கிறேன்.