எழுபது விழுக்காடு

எல் ஆல்ட்டோவில் ஜூலை மாதம்.
விட்ட மூச்சு நமக்கு முன்னால் நடந்து போகும்.
வியாழச் சந்தையில் பசிலியா துக்கோவின் கடைமுன்
நாங்கள் மூவர், துணைக்கு ஒரு போலீஸ்காரர்.
அவருக்குச் சளி.

இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
கைக்குத் தடவும் திரவம், ஊதா நிறம்.
மருத்துவமனைத் தரம், எழுபது விழுக்காடு ஆல்கஹால்.
பதிவு எண்கூட இருந்தது.
தேடிப் பார்த்தோம்:
அது ஒரு நாய் ஷாம்பூவின் எண்.

எண்ணுவது என் வேலை. எண்ணினேன்.
'பறிமுதல்' என்ற சிவப்புச் சீட்டை
ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
குளிரில் அரசாங்கப் பசை பிடிக்கவில்லை,
ஒட்ட ஒட்ட உதிர்ந்தது.
அவர்கள் ஒட்டிய பொய்யோ
நகத்தால் சுரண்டியும் நகரவில்லை.

பசிலியா அழவில்லை. ரசீது கேட்டாள்.
"நானும் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?"
சரக்கு போடும் வேன்காரன் பேர் தெரியாதாம்.
தொப்பி தெரியுமாம்.

பிறகு போர்வைக்குள் கைவிட்டுப்
பாதி தீர்ந்த குப்பி ஒன்றை எடுத்து
என் தாள்களின் மேல் வைத்தாள்.
"இதையும் எழுதிக்கோ.
பிள்ளையைத் தூக்கும்முன் இதைத்தான் பூசிக்கொண்டேன்.
நாலு மாசம்."

படிவத்தில் இருப்பவை இரண்டே கட்டங்கள்:
திறந்தது, திறவாதது.
திறந்தது ஒன்று, என்று எழுதினேன்.

ஆய்வகம் பதினைந்து நாள் கேட்டது.
கிடங்கில் இடமில்லை,
போன மாதத்துப் பற்பசை கூரைவரை.
பெட்டிகளை முற்றத்தில் அடுக்கித்
தார்ப்பாய் போட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்றிரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது.

காலையில் தார்ப்பாயை விலக்கினால்
எல்லாம் கல்.
ஊதாக் கல்.
விலா வெடித்து நின்றன குப்பிகள்.
நிஜமான எழுபது
இந்தக் குளிரைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

"ஆய்வக முடிவு வரட்டும்" என்றார்
மேலதிகாரி எவரிஸ்தோ,
ஒன்றை எடுத்து, விரல் எரிந்து,
கீழே போட்டபடி.
உடைந்தது. சிதறவில்லை.
சுற்றியிருந்த லேபிள்
துண்டுகளை இறுக்கிப் பிடித்திருந்தது,
ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

நான் மறுபடி எண்ணினேன்.
வெடிக்காதது ஒன்றே ஒன்று,
பசிலியாவின் பாதிக் குப்பி.
உறைந்தது விரிந்துகொள்ள
அதற்குள் இடம் இருந்தது,
நாலு மாசத்து இடம்.